நின்ற வண்டியின் சூடு

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் முதல் டிபனுக்கு வண்டியை ஓரங்கட்டும் இடம் பெரும்பாலும் திண்டிவனம் சுற்றுவட்டாரம்தான். சுமார் 125 கிலோமீட்டர், நான்குவழிச் சாலையில் இரண்டு மணி நேர ஓட்டம். கத்திரி வெயில் காலத்தில் அந்த ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, இட்லி, வடை, காபி எல்லாம் ஆகி, இருபது நிமிடத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் சில வண்டிகளில் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். ஹெட்லைட் பளிச்சென்று எரியும், ஹார்ன் கணீரென்று அடிக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது. முக்கால் மணி நேரம் கழித்து, யாரும் எதிலும் கை வைக்காமலேயே, அதே வண்டி ஒரே திருப்பில் கிளம்பிவிடும்.

தானாகச் சரியாகிவிடும் குறை மெக்கானிக்கைத் திணறடிக்கும் குறை. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஒழுங்காக எடுக்கும். அடுத்த வாரம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி நிறுத்தினால் மறுபடி அதே ‘டிக்’. முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரையே மாற்றுவார்கள். புது மோட்டாரும் அடுத்த மே மாதம் அதே வேலையைக் காட்டும்.

காரணம், கெட்டுப்போனது மோட்டார் அல்ல. அதன் பக்கத்தில் ஓடும் எக்ஸாஸ்ட் குழாய் அதைச் சூடாக்கியிருக்கிறது. அந்தச் சூடு எந்த வழியாக வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, வந்தபின் மோட்டாருக்குள் என்ன செய்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பள்ளிக்கூட இயற்பியலே விடை சொல்லிவிடும். விடை தெரிந்தவருக்கு, பல ஆயிரம் ரூபாய் செலவை ஒரு தகடும் சில அடி ஒயரும் மிச்சப்படுத்தும்.

சில வினாடிக்கு மட்டும் ஒரு மோட்டார்

கார் எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பிய காலம் 1912-இல் முடிவுக்கு வரத் தொடங்கியது. அந்த ஆண்டின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டு வெளிவந்தது. அவருக்கு முன்பும் சிலர் முயன்றார்கள். ஒரு எஞ்சினைச் சுழற்றும் வலு வேண்டுமானால் மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவு பெரிய மோட்டாரைக் காரில் வைக்க இடமில்லை என்பதுதான் அவர்களுக்கு வந்த தடை. கெட்டரிங் அதற்கு முன் கடைகளில் காசு வாங்கும் பெட்டிக்கு மின் மோட்டார் அமைத்துக் கொடுத்தவர். அந்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, டிராயரைத் திறக்க ஒரு நொடி ஓடினால் போதும். கொஞ்ச நேரமே ஓடும் மோட்டாரில் அதன் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தலாம், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்ற அனுபவத்தை அவர் காருக்குக் கொண்டுவந்தார்.

இன்று நம் கார்களில் இருக்கும் செல்ஃப் மோட்டாரும் அதே கொள்கையில்தான் நிற்கிறது. சென்னை பாடியில் 1961 முதல் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையின் ஸ்டார்ட்டர்கள்தான் இங்கே ஓடிய பலவகைக் கார்களிலும் லாரிகளிலும் இருந்தன, இருக்கின்றன. கையில் தூக்கக்கூடிய அந்தச் சிறு மோட்டார், எஞ்சினைச் சுழற்றும்போது 150 ஆம்பியர் போல மின்சாரம் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 1,800 வாட். இவ்வளவு சின்ன உடம்பு இவ்வளவு மின்சாரத்தைத் தாங்குவது சில வினாடிக்கு மட்டுமே என்பதால்தான் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக்கூடாது, நடுவில் இடைவெளி விட வேண்டும் என்கிறார்கள்.

இதை ஒரு வரவு செலவுக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மோட்டாரின் தாமிரக் கம்பியைச் சுற்றியிருக்கும் வார்னிஷ் பூச்சு 155 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் வகை என்று கொள்வோம். காலையில் மோட்டார் 35 டிகிரியில் இருந்தால் சூடேற 120 டிகிரி இடம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்து 110 டிகிரியில் இருந்தால் மிச்சம் 45 டிகிரிதான். கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 20 ஆம்பியர் பாய்ந்தால், அந்தச் சூட்டில் தாமிரம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் டிகிரி ஏறும். பதினைந்து வினாடி விடாமல் அடித்தால் 40 டிகிரி. கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கெட்டரிங் மோட்டாருக்கு ஒதுக்கி வைத்த சூட்டுக் கையிருப்பை எக்ஸாஸ்ட் குழாய் முன்னதாகவே செலவழித்துவிடுகிறது.

பூச்சு அன்றைக்கே கருகிவிடாது. ஆனால் எட்டிலிருந்து பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கு மின்காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின் எந்திரங்களைக் கையாளுவோர் நெடுநாளாகக் கைக்கொள்ளும் தோராய விதி. ஒவ்வொரு கோடையும் மோட்டாரின் வயதில் பல கோடைகளைக் கூட்டிவிட்டுப் போகும்.

குளிரை எண்ணிப் போட்ட கணக்கு

உலகத்தின் பெரும்பகுதி கார் பொறியியல் குளிர்நாடுகளில் வளர்ந்தது. அங்கே செல்ஃப் மோட்டாரின் எதிரி பனி. குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்படும், பேட்டரியின் வேதிவினை மந்தமாகும். பேட்டரியின் மேல் சில நூறு ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருக்கும் குளிர்த் தொடக்கத் திறன், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் சோதித்துச் சொல்லும் எண். மார்கழி விடியற்காலையிலும் பனிக்கட்டியைப் பார்க்காத விழுப்புரத்துக்கு அந்த எண் சொல்லும் சேதி குறைவு.

இங்கே நிலைமை நேர்மாறு. சூடான எஞ்சினில் ஆயில் நீர்த்து ஓடும், பேட்டரியின் உள்தடை குறையும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் சூடான வண்டி இன்னும் சுலபமாகக் கிளம்ப வேண்டும். கிளம்பாமல் அடம்பிடிக்கிறது என்றால், பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றுதான் சூட்டால் தளர்ந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பது ஒயரும் மோட்டாரும் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் மின்காந்த ஸ்விட்ச்சான சோலனாய்டும்.

நெருப்புக்குப் பக்கத்தில் ஏன் வைத்தார்கள்?

செல்ஃப் மோட்டாரை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஃப்ளைவீலைச் சுற்றிப் பல்சக்கரம் இருக்கிறது. மோட்டாரின் முனையில் இருக்கும் பினியன் என்ற சிறு பல்சக்கரம் அந்தப் பல்லில்தான் போய்க் கடிக்க வேண்டும். ஆகவே மோட்டார் எஞ்சினின் அடிவயிற்றில், ஏதாவது ஒரு பக்கவாட்டில்தான் இருக்கும். அந்தப் பக்கமும் எக்ஸாஸ்ட் இறங்கும் பக்கமும் ஒன்றா வேறா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் இடப்பக்கம் இருந்தன. செல்ஃப் வலப்பக்கம். நடுவில் எஞ்சினின் இரும்பு உடம்பே சுவராக நின்றது. அமெரிக்காவின் வி-8 எஞ்சின்களுக்கு இந்த வசதி இல்லை. இரண்டு வரிசை சிலிண்டர்கள், இரு பக்கமும் எக்ஸாஸ்ட். எந்தப் பக்கம் வைத்தாலும் மோட்டார் குழாயின் அருகில்தான். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் சோலனாய்டு மோட்டாரின் மேலேயே இருந்ததால், சூட்டில் கிளம்பாத குறைக்கு அவை பேர்போனவை. அதே காலத்து ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் ஸ்விட்ச் தனியாக, எஞ்சின் அறையின் ஓரச்சுவரில் சூடு படாத தூரத்தில் இருந்தது.

பந்தயத்துக்காகவும் ஆசைக்காகவும் எஞ்சினை மெருகேற்றுகிறவர்கள் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ‘ஹெடர்’ போடுவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே வளைத்து எடுத்த மெல்லிய எஃகுக் குழாய்கள் கீழே ஒன்றாகச் சேரும். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாளிலிருந்து இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரை சென்னை வட்டாரப் பட்டறைகளுக்கு இது கைவந்த வேலை. புகை தடையின்றி வெளியேறும், வலு கூடும். ஆனால் மேனிஃபோல்டின் சுவர் பல மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஹெடர் குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர்தான். உள்ளே போகும் புகையின் சூடு வெளித்தோலுக்கு உடனே வந்துவிடும். வளைந்து நெளிந்து இறங்கும் குழாய்களில் ஒன்று செல்ஃப் மோட்டாரை உரசாத குறையாகப் போகும்.

ஹெடர் போடாதவர்களும் தப்பவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புது வண்டிகளுக்கு பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாடு வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி வேலை செய்யத் தொடங்க 250, 300 டிகிரி சூடு வேண்டும். சாவியைத் திருப்பிய கொஞ்ச நேரத்தில் அந்தச் சூட்டை எட்ட, அதை எஞ்சினுக்கு ஒட்டியே வைக்கிறார்கள். காற்றுக்கு நல்லது. அதே சமயம் எஞ்சின் அறைக்குள் ஒரு கனத்த கணப்பு கூடிவிட்டது. அதனால்தான் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதைச் சுற்றி வெள்ளித் தகடுகள் போர்த்தியிருக்கும். பட்டறையில் வேலை முடிந்தபின் அந்தத் தகடு ‘கடகட’வென்று ஆடுகிறது என்று கழற்றித் தூரப்போட்டுவிட்டால், அடுத்த கோடையில் அதற்குரிய கூலியை செல்ஃப் கொடுக்கும்.

வெயிலைப் போல் இருபது மடங்கு

சூடு பரவும் வழிகள் மூன்று: கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீச்சு. குழாய்க்கும் மோட்டாருக்கும் நடுவில் உலோகத் தொடர்பு இல்லாவிட்டால் கடத்தல் அதிகமில்லை. சூடான காற்று மேலே போகும். மோட்டாரோ கீழே இருக்கிறது. மிஞ்சுவது கதிர்வீச்சு. அடுப்பில் காயும் தோசைக்கல்லுக்கு மேலே கையைக் காட்டினால் படுவது சூடான காற்று. பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிக் காட்டினாலும் உள்ளங்கை காய்கிறதே, அது கதிர்வீச்சு. செல்ஃப் மோட்டார் அந்தப் பக்கவாட்டுக் கையின் நிலையில் இருக்கிறது.

கதிர்வீச்சுக்கு ஒரு கொடிய குணம் உண்டு. 1860-களில் இயற்பியலாளர் ஜான் டின்டல் பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கி, அது மங்கிய சிவப்பாக இருந்தபோதும் வெள்ளையாகத் தகித்தபோதும் வெளியிட்ட வெப்பத்தை ஒப்பிட்டார். இரண்டாவது முதலாவதைப் போல் 11.7 மடங்கு இருந்தது. வியன்னாவில் ஜோசஃப் ஸ்டெஃபான் 1879-இல் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார். மங்கிய சிவப்பு சுமார் 525 டிகிரி, வெள்ளை சுமார் 1,200 டிகிரி. கெல்வினில் 798, 1,473. இந்த இரண்டின் விகிதத்தை நான்கு முறை பெருக்கினால் 11.6 வருகிறது. கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அவர் கண்டார். ஐந்து ஆண்டு கழித்து அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மன் அதற்குக் கோட்பாட்டு அடிப்படை கொடுத்தார்.

இந்த விதியை நம் குழாயில் போட்டுப் பார்ப்போம். 250 டிகிரியில் இருக்கும் கரிய பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 4,200 வாட் கதிர்வீச்சு வெளியிடும். 500 டிகிரியில் அது சுமார் 20,000 வாட். உச்சி வெயில் நிலத்தில் கொட்டுவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். மலைப்பாதையிலோ வேகமான நெடுஞ்சாலை ஓட்டத்திலோ 500 டிகிரியைத் தொட்ட குழாய் தன் முகத்தில், திண்டிவனத்து மே மாத நண்பகல் வெயிலைப் போல் இருபது மடங்கு எறிக்கிறது. அந்த முகத்துக்கு எதிரே, சில சென்டிமீட்டர் தள்ளி, செல்ஃப் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது.

அணைத்த பிறகு ஏறும் சூடு

அப்படியானால் ஓடும்போதே மோட்டார் வெந்துபோகாதா? ஓடும்போது ரேடியேட்டர் விசிறியும் எதிர்க்காற்றும் எஞ்சின் அறைக்குள் புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போகின்றன. வாட்டர் பம்ப் சுழன்று எஞ்சினின் சூட்டை வெளியே தள்ளுகிறது. வாங்கும் சூடும் விடும் சூடும் ஒரு சமநிலையில் நிற்கும்.

சாவியை அணைத்த கணத்தில் விடும் வழிகள் எல்லாம் அடைபடுகின்றன. வாங்கும் வழி திறந்தே இருக்கிறது. ஐந்து கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு இறங்க சுமார் 1,000 கிலோஜூல் வெப்பத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சினின் கட்டைக்குள் இருக்கும் சூடு தனி. மூடிய பானெட்டுக்குள் எல்லாம் அசையாத காற்றில் இறங்கும். எஞ்சின் அறையில் இருக்கும் பாகங்களின் வெப்பநிலை அணைத்த பிறகு ஏறி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெதுவாக இறங்கும்.

டிபன் சாப்பிட ஆகும் நேரமும் இந்த உச்சமும் ஒன்றாக விழுவதுதான் திண்டிவனத்துத் தொல்லைக்கு விளக்கம். ஐந்து நிமிடத்தில் திரும்பியிருந்தால் எடுத்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தாலும் எடுத்திருக்கும். பொங்கல், தீபாவளிக்கு முந்தின இரவுகளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் சிக்கும் வண்டிக்கும் இதே கதைதான். வேகமாக வந்து நின்று, அணைத்து, நகர்ந்து, மறுபடி அணைக்கும்போது ஒவ்வொரு முறையும் சூடு ஊறுகிறது. எதிர்க்காற்று மட்டும் வருவதேயில்லை.

‘டிக்’ சத்தத்தின் கணக்கு

சோலனாய்டு என்பது ஒரு மின்காந்தம். சாவியைத் திருப்பினால் அதன் சுருளில் மின்சாரம் பாய்ந்து உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு ஒரு முனையில் பினியனைப் பல்சக்கரத்தில் தள்ளும். மறுமுனையில் தடித்த தாமிரத் தொடுமுனைகளை இணைத்து மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும். தண்டு முழுதாக வந்து சேராவிட்டால் மோட்டார் சுழலாது.

தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த சுருள் 130 டிகிரிக்குப் போனால் தடை 38 சதவீதம் உயரும். மின்னோட்டம் நூற்றுக்கு 73 ஆகக் குறையும். இழுப்புவிசையோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 73 சதவீத மின்னோட்டம், 53 சதவீத விசை. இழுக்கும் பலத்தில் ஏறத்தாழ பாதி சூட்டிலேயே போய்விட்டது. தண்டு தொலைவில் இருக்கும் தொடக்க நிலையில்தான் விசை மிகக் குறைவு என்பதால், இந்த இழப்பு தாங்க முடியாத இடத்தில் வந்து விழுகிறது.

இத்தோடு பழைய ஒயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் சாவி ஸ்விட்ச், பல இணைப்புகள், மெல்லிய ஒயர் எல்லாம் சுற்றி சோலனாய்டுக்கு வருகிறது. தேய்ந்த ஸ்விட்ச்சில் 12 வோல்ட் பத்தரையாகிவிட்டால் விசை இன்னும் கால் பங்கு போகும். சூடும் ஒயரும் சேர்ந்து, நூறாக இருந்த விசையை நாற்பதாக்கிவிடும். தனியே சூடு மட்டும் இருந்தால் வண்டி எடுத்திருக்கும். தனியே ஒயர் மட்டும் தேய்ந்திருந்தாலும் எடுத்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போது ‘டிக்’கோடு நிற்கிறது. சூட்டில் மட்டும் வரும் குறையைக் காலையில் தேடினால் அகப்படாததும் இதனால்தான்.

மோட்டாரும் தளர்கிறது. சுருள்களின் தடை கூடுவதால் முறுக்குவிசை குறையும். ஃபீல்டு காயிலுக்குப் பதில் ஃபெரைட் காந்தம் வைத்த மோட்டார்களில் காந்தத்தின் வலு டிகிரிக்கு 0.2 சதவீதம் இறங்கும். நூறு டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஆறினால் அது திரும்பி வந்துவிடும்.

மேசைமேல் ஒரு செல்ஃப்

பல கோடை கண்ட செல்ஃப் மோட்டாரை எலக்ட்ரீஷியனின் மேசையில் பிரித்துப் பார்த்தால் சூடு தன் கையெழுத்தைப் போட்டிருப்பது தெரியும். குழாயைப் பார்த்திருந்த பக்கத்தில் மட்டும் பெயிண்ட் பழுப்பேறி உரிந்திருக்கும். புஷ்ஷில் இருந்த கிரீஸ் காய்ந்து கரும்பொடியாக உதிரும். ஆர்மேச்சரின் வார்னிஷ் தேன் நிறத்திலிருந்து கருப்புக்கு மாறியிருக்கும். கார்பன் பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங், விரலால் தள்ளினால் எதிர்த்துத் தள்ளும் வேகத்தை இழந்திருக்கும். கம்யூட்டேட்டரில் பிரஷ் சரியாக உட்காராத இடங்களில் பொறி பறந்த கரிய தழும்பு. சோலனாய்டின் தாமிரத் தொடுமுனையில் சின்னச் சின்னக் குழிகள்.

இந்தத் தடயங்கள் இல்லாத, உள்ளே சுத்தமாக இருக்கும் மோட்டார்களும் ‘செல்ஃப் போச்சு’ என்று மாற்றப்படுகின்றன. அதைத் தடுக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி சூட்டில் அடம்பிடிக்கும் அதே நேரத்தில் அளக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒருவர் சாவியைத் திருப்பட்டும். பல மோட்டார்களில் 50 என்று எண் பொறித்திருக்கும் சோலனாய்டின் சின்ன முனைக்கு எவ்வளவு வோல்ட் வருகிறது? பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றவாளி ஒயரிலும் ஸ்விட்ச்சிலும் இருக்கிறான். மோட்டார் சுழலும்போது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் தடித்த முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் மோசம். எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டை மோசம். மரக்காணம் உப்பளங்களின் பக்கமும் கடலோரச் சாலையிலும் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு எர்த் பட்டை பச்சை பூத்து அரித்துப்போவதால் இதை முதலில் பார்ப்பது நல்லது. மூன்று அளவும் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றாவிட்டால் அது வேறு நோய். கார்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அம்பாசடர் டிரைவர்கள் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். நல்ல வைத்தியம் அது. அந்தப் பழக்கத்தில் செல்ஃப் மோட்டாரின் மேல் தண்ணீரை ஊற்றுவது ஆபத்து. தெறிக்கும் தண்ணீர் பட்டுச் சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

பளபளக்கும் ஒரு தகடு

கதிர்வீச்சு நேர்கோட்டில் போகிறது. எனவே குறுக்கே ஒரு தகட்டை நிறுத்தினால் மறையும். எந்தத் தகடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதிரெதிரே இருக்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே கரிய மெல்லிய தகட்டை வைத்தால், அது தானும் சூடாகி மறுபக்கம் கதிர்வீசும். கடந்துபோகும் வெப்பம் பாதியாகும், அவ்வளவே. பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் 0.1-க்கு மேல் போகாது. உமிழ்திறன் குறைந்த பரப்பு வரும் கதிரைத் திருப்பி அனுப்பும், தன் சூட்டையும் எளிதில் வெளியிடாது. துருப்பிடித்த குழாய்க்கும் மோட்டாருக்கும் 0.8 என்று வைத்துக் கணக்குப் போட்டால், தகடு இல்லாதபோது 100 என்று கடக்கும் வெப்பம் பளபளக்கும் தகடு வந்தபின் 7 ஆகிவிடுகிறது. அதே தகட்டில் ஆயில் கறையும் செம்மண் புழுதியும் படிந்து உமிழ்திறன் 0.5 ஆனால் 33. வருடத்துக்கு இரண்டு முறை துணியால் துடைப்பதன் மதிப்பு இந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் இருக்கிறது.

தகடு குழாயையும் தொடக்கூடாது, மோட்டாரையும் தொடக்கூடாது. தொட்டால் கதிர்வீச்சை மறித்த தகடே கடத்தலுக்குப் பாலமாகிவிடும். இரு பக்கமும் ஒரு விரல் கனத்துக்குக் காற்று இடைவெளி வேண்டும். மேலும் கீழும் திறந்திருந்தால் காற்று ஏறி இறங்கித் தகட்டின் சூட்டைக் கொண்டுபோகும். ஒரு மில்லிமீட்டர் தகடு போதும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதால், சிவக்கும் அளவு சூடேறும் ஹெடருக்கு மிக அருகில் அலுமினியம் பூசிய எஃகோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. தகட்டை எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ முடுக்க வேண்டும், எக்ஸாஸ்ட்டில் அல்ல. அதிர்வில் ஓரம் போய் ஒயரை அறுக்காதபடி விளிம்பை மடித்துவிட வேண்டும்.

குழாயைச் சுற்றிக் கண்ணாடியிழை நாடா கட்டுவது இன்னொரு வழி. கதிர்வீச்சு குறையும். ஆனால் உள்ளே அடைபட்ட சூடு குழாயையே கூடுதலாகக் காய்ச்சும். மழையில் நனைந்தால் நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருப்பிடிக்க வைக்கும், ஆயில் ஊறினால் தீப்பற்றலாம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் கட்டினால் விரிசல் விட வாய்ப்புண்டு. மோட்டாரையே முழுக்கப் போர்வையால் சுற்றினால் அது தன் சூட்டை விட முடியாமல் தவிக்கும். சுற்றுவதானால் வெள்ளி முகம் வெளியே தெரியும் உறையைக் குழாய் பார்க்கும் பக்கம் மட்டும் போட்டு, மற்ற பக்கத்தைத் திறந்துவிட வேண்டும்.

மின்சாரப் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒரு ரிலே. சாவி ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். சோலனாய்டுக்கு மின்சாரம் ஃபியூஸ் வழியாக, தடித்த ஒயரில், பேட்டரியிலிருந்து நேராக வரட்டும். ஒயரின் வழியில் தொலைந்த கால் பங்கு விசை திரும்பக் கிடைக்கும். இதற்கும் போதாத வண்டிக்குக் கியர் வைத்த சிறிய ஸ்டார்ட்டர் உண்டு. கிரைஸ்லர் 1962-இல் கொண்டுவந்த அந்த வகையில் மோட்டார் வேகமாகச் சுழன்று, கியர் அதைக் குறைத்து முறுக்கைக் கூட்டுகிறது. உடம்பு சிறுத்திருப்பதால் குழாயிலிருந்து விலகி உட்காரும். கதிர்வீச்சுக்கு விலகலைவிட நல்ல மருந்து இல்லை.

இதில் எதில் கை வைப்பதானாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளில் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பானர் ஒரு நொடி உடம்பில் பட்டால் அங்கேயே வெல்டு ஆகிவிடும், கை வெந்துவிடும். எக்ஸாஸ்ட் முழுக்க ஆறாமல் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் போகக்கூடாது.

வண்டி ஓட்டுகிறவர்கள் காசு செலவில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. நிறுத்தப்போகும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். நின்றபின் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். வெயிலில் நிறுத்த நேர்ந்தால் பானெட்டைத் தூக்கி வையுங்கள். ‘டிக்’ என்று நின்றால் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் கொடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் சுருளின் தடை இறங்கும், பாதியாகிப்போன விசை மீண்டு வரும்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகனம் படிக்கும் பிள்ளைகள் ஓம் விதியைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நான்காம் அடுக்கு விதி பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு சூடான வண்டியும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் இரண்டின் விளைவையும் ஒரே மதியத்தில் கண்ணெதிரே காட்டிவிடலாம். சூட்டில் ஒரு முறை, ஆறியபின் ஒரு முறை அளந்து எழுதிய எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளை, அளக்காமல் மோட்டாரை மாற்றச் சொல்ல மாட்டான். பழுதை அளந்து கண்டுபிடிக்கும் பட்டறை வாடிக்கையாளரின் காசைக் காப்பாற்றும். நல்ல தாமிரத்தையும் இரும்பையும் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றும். கோடை நீண்டுகொண்டே போகும் ஊர்களில் இந்தக் கணக்கு பட்டறைக்கு ஸ்பானரைப் போலவே ஒரு கருவி.